டெக் லாகில் அதற்குக் கட்டம் கிடையாது

கேள்வி இதுதான்: "அமெரிக்கப் போர் விமானிகள் நாடாளுமன்றம் வரை வந்து, அடையாளம் தெரியாத பொருள்களை வானத்தில் பார்த்தோம் என்று சாட்சி சொல்கிறார்கள். அப்படியென்றால் தினமும் ஆயிரக்கணக்கில் பறக்கும் பயணிகள் விமானங்களின் விமானிகளும் பார்த்திருக்க வேண்டுமே? ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அரசாங்கம் மிரட்டி வைத்திருக்கிறதா?"

மிரட்டல் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன். இன்றைக்கு யாரும் மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. விமானி தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நான் விமானி அல்ல. விமானப் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். விமானம் வந்து நின்றதும் நாங்கள் முதலில் பார்ப்பது டெக் லாக் புத்தகத்தை. கேப்டன் அதில் ஒரு குறை எழுதினால், எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஸ்நாக்', அதற்கு நேரே நாங்கள் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் அடுத்த பயணம் கிளம்பாது. "இடது வைப்பர் வேலை செய்யவில்லை" என்றால் "மாற்றினோம், சோதித்தோம், சரியாக இருக்கிறது". இப்போது ஒரு கேப்டன், "வலது முன்பக்கம், இரண்டு மணித் திசையில் மூன்று வெளிச்சம் இருபது நிமிடம் கூடவே வந்தது" என்று எழுதினால் நான் என்ன பதில் எழுதுவது? "தரையில் சோதித்தோம், வெளிச்சம் தென்படவில்லை" என்றா? விமானத்தில் கோளாறு இல்லை. அதனால் அது என் புத்தகத்தில் வராது. பறவை மோதினால் ஒரு படிவம், மின்னல் அடித்தால் ஒரு படிவம், யாராவது கீழிருந்து லேசர் அடித்தால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. இதற்குப் பொருத்தமான கட்டம் எந்தக் காகிதத்திலும் இல்லை. கட்டம் இல்லாத விஷயத்தை எழுதுகிறவர் மேல்தான் எல்லார் கண்ணும் விழும்.

விமானியின் கணக்கு எப்படி ஓடும் என்று பாருங்கள். அவருடைய பிழைப்பு இரண்டு காகிதத்தில் இருக்கிறது. ஒன்று லைசன்ஸ், இன்னொன்று மெடிக்கல். மெடிக்கல் சான்றிதழை வயதைப் பொறுத்து ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கண், காது, இதயம் எல்லாம் சரியாக இருந்தாலும் மனநலத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்தால் போதும், கீழே உட்கார வைத்துவிடுவார்கள். இல்லாததைப் பார்ப்பது, இல்லாததை நம்புவது இரண்டும் அமெரிக்க மருத்துவ விதிகளிலேயே நேரடியாகத் தகுதி இழப்புக்கான காரணங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. தூக்கம் வரவில்லை என்பதைக்கூட டாக்டரிடம் சொல்லத் தயங்குகிற தொழில் இது. அவர் போய், "ஒரு பொருள், இறக்கை இல்லை, எந்திரம் தெரியவில்லை, என் கூடவே வந்தது" என்று சொல்வாரா? எனக்குத் தெரிந்த ஒரு மூத்த கேப்டன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னால் முதலில் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். பிரெத் அனலைசரை எடுத்துக்கொண்டு வருவார்கள்."

அப்புறம் கேலி. விமானிகள் சின்ன உலகம். ஒரு தளத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது அவர் ஓய்வு பெறும் வரைக்கும் போகாது. இது புதிதும் அல்ல. 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் தன் சொந்தச் சிறு விமானத்தில் பறந்த கென்னத் அர்னால்டு, ஒன்பது பொருள்கள் வரிசையாக வேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் தட்டைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று அவற்றின் ஓட்டத்தைத்தான் வர்ணித்தார். பத்திரிகைகள் அதையே வடிவமாக்கி 'பறக்கும் தட்டு' என்று போட்டுவிட்டன. நாம் இன்றைக்குத் தமிழில் சொல்லும் சொல் அந்தத் திரிபிலிருந்து வந்ததுதான். சில நாள்களில் அவர் நொந்துபோய், இனிமேல் பத்து மாடிக் கட்டடமே பறந்து போனாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றார். இந்தத் துறையின் முதல் பிரபல சாட்சியே அந்த முடிவுக்கு வந்துவிட்டார் என்றால் பின்னால் வந்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் விமானிகளிடம் பேச்சு எடுத்தால் கடைசியில் வந்து நிற்பது 1986-ல். ஜப்பான் ஏர்லைன்ஸ் 1628. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது.

நவம்பர் 17. போயிங் 747 சரக்கு விமானம். பாரிஸிலிருந்து டோக்கியோவுக்குப் புத்தம் புது பிரெஞ்சு ஒயின் ஏற்றிக்கொண்டு போகிறது. வழியில் ஐஸ்லாந்து, பிறகு அலாஸ்காவின் ஆங்கரேஜ். கேப்டன் கென்ஜு தெராவுச்சி முன்னாள் போர் விமானி, பல ஆண்டு அனுபவம். மாலை ஐந்து மணிக்கு மேல், அலாஸ்காவின் வடகிழக்கில், முதலில் இரண்டு வெளிச்சங்கள் தென்படுகின்றன. அவை விமானத்துக்கு முன்னாலேயே வந்து நின்றதாகவும் அதன் வெப்பத்தை முகத்தில் உணர்ந்ததாகவும் அவர் பின்னால் சொன்னார். அதன் பிறகு மங்கலான ஒரு மாபெரும் உருவம், விமானம் தாங்கிக் கப்பலைவிடப் பெரிது. ஆங்கரேஜ் கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்கிறார். அவர்கள் திசை திருப்பச் சொல்கிறார்கள், உயரம் மாற்றச் சொல்கிறார்கள், எல்லாம் செய்கிறார். போர் விமானம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம் என்கிறார். அந்தப் பக்கம் வந்த யுனைடெட் விமானத்தையும் ஒரு ராணுவ விமானத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு 747 மட்டும்தான் தெரிகிறது, வேறு ஒன்றும் இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ விசாரித்தது. கேப்டனையும் துணை விமானியையும் ஃபிளைட் எஞ்சினியரையும் தனித்தனியாகக் கேட்டது. மற்ற இருவரும் வெளிச்சங்களைப் பார்த்தார்கள், ஆனால் கேப்டன் அளவுக்கு உறுதியாக வடிவம் சொல்லவில்லை. ராடாரில் தெரிந்த இரண்டாவது புள்ளி, அதே விமானத்தின் எதிரொலி இரண்டாகப் பிரிந்து தெரிந்ததுதான் என்றும், நடந்ததை உறுதிப்படுத்த முடியவில்லை என்றும் 1987 மார்ச்சில் கோப்பை மூடினார்கள். விமானத்துறைப் பத்திரிகையாளர் ஃபிலிப் கிளாஸ், அன்று அந்தத் திசையில் வியாழன் பிரகாசமாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார். போதாக்குறைக்கு, அடுத்த ஜனவரியில் அதே கேப்டன் மறுபடியும் ஒரு காட்சியைப் பதிவு செய்தார். அது கீழேயிருந்த ஊரின் விளக்கொளி மேகத்தின் பனித்துகளில் பட்டுத் தெரிந்தது என்று முடிவானது.

என் கணிப்பு, அவர் பார்த்ததில் ஒரு பகுதி கிரகம், ஒரு பகுதி மேகத்தில் ஒளி, மீதி மனம் நிரப்பியது. தப்பாக இருக்கலாம். ஆனால் நம் கேள்விக்கு அது முக்கியம் இல்லை. முக்கியமானது அவருக்கு நடந்தது. கட்டுப்பாட்டு மையத்திடம் மட்டும் சொல்லியிருந்த வரைக்கும் அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. டிசம்பர் கடைசியில் ஜப்பானியச் செய்தியாளர்களிடம் பேசினார், செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு அவரை விமானம் ஓட்டும் வேலையிலிருந்து எடுத்து மேசை வேலையில் உட்கார வைத்தார்கள். மறுபடி காக்பிட்டுக்குள் வரப் பல ஆண்டுகள் ஆயின. நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் ஊரில் சொல்வோம். உலகத்தில் 747 ஓட்டிய ஒவ்வொருவருக்கும் அந்தப் பழமொழி அவரவர் மொழியில் அந்த வருடம் புரிந்துபோனது. பார்த்தது தப்பாக இருந்தால் அது தப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பேசியதற்குத் தண்டனை கொடுத்ததால், அன்றைக்கு அலாஸ்காவில் இல்லாதவர்களும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

சரி, மிரட்டல் விஷயத்துக்கு வருவோம். 1950-களில் அமெரிக்காவில் ஜேனாப் 146 என்று ஒரு முப்படை உத்தரவு இருந்தது. வானத்தில் சந்தேகத்துக்குரிய எதைப் பார்த்தாலும், ஏவுகணையோ எதிரி விமானமோ அடையாளம் தெரியாத பொருளோ, உடனே வானொலியில் சொல்ல வேண்டும். பயணிகள் விமானம் ஓட்டியவர்களுக்கும் அது பொருந்தியது. சொன்ன பிறகு, அந்தத் தகவலை வெளியில் பேசினால் உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். அது பனிப்போர்க் காலம், சோவியத் குண்டுவீச்சு விமானம் எப்போது வருமோ என்ற பயம். அதனால் உத்தரவில் ஒரு நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு விமானியின் பக்கத்திலிருந்து பாருங்கள்: சொல்லாவிட்டால் கடமை தவறியவர், சொல்லிவிட்டு வீட்டில் மனைவியிடம் சொன்னால் குற்றவாளி. எதையும் பார்க்காமல் இருப்பதே நிம்மதி.

அதே காலத்தில்தான் கேலியும் கொள்கையானது. 1952 ஜூலையில் வாஷிங்டன் நகரத்தின் மேலேயே ராடாரில் புள்ளிகள் தெரிந்து பெரிய பரபரப்பு. அடுத்த ஜனவரியில் சிஐஏ சில விஞ்ஞானிகளைக் கூட்டி ஒரு குழு போட்டது, ராபர்ட்சன் குழு என்பார்கள். அவர்கள் கவலை வேற்றுக்கிரகவாசிகள் பற்றி அல்ல. பொய்த் தகவல்கள் குவிந்து, நிஜத் தாக்குதல் வரும்போது தகவல் தொடர்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆவது என்பதுதான். மக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடி, இதில் மர்மம் ஒன்றும் இல்லை என்று காட்டும் பிரச்சாரம் செய்யலாம் என்று பரிந்துரைத்தார்கள். இன்று யாராவது பறக்கும் தட்டு என்றதும் நமக்குச் சிரிப்பு வருகிறதே, அதில் ஒரு பங்கு வரவழைக்கப்பட்டது.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது யூ-2 கதை. 1955-ல் யூ-2 உளவு விமானத்தின் சோதனைப் பறப்பு தொடங்கியது. அப்போது பயணிகள் விமானங்கள் பத்தாயிரம், இருபதாயிரம் அடியில் போய்க்கொண்டிருந்தன. யூ-2 போனது அறுபதாயிரம் அடிக்கு மேல். கீழே இருட்டிவிட்ட பிறகும் அவ்வளவு உயரத்தில் சூரிய வெளிச்சம் இருக்கும். ஆரம்ப காலத்தில் அதன் வெள்ளிநிற இறக்கை பளபளத்துத் தீப்பிடித்த பொருள் மாதிரித் தெரியும். அந்த உயரத்தில் மனிதன் பறக்க முடியும் என்பதே விமானிகளுக்குத் தெரியாது. நேர்மையாகப் பதிவு செய்தார்கள். விசாரித்த விமானப்படைக்காரர்கள் சிஐஏவிடம் ரகசியமாகக் கேட்டு யூ-2 தான் என்று தெரிந்துகொண்டு, விமானிகளிடம் பனித்துகள், வெப்பநிலை மாறுபாடு என்று எதையோ சொல்லி அனுப்பினார்கள். சிஐஏவே பின்னாளில் வெளியிட்ட தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டது இது. கண்ணால் சரியாகப் பார்த்தவர்களிடம், உன் கண் தப்பு என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. விண்கலம் என்று எதையும் மறைக்கவில்லை, விமானத்தைத்தான் மறைத்தார்கள். ஆனால் அந்த ஒரு தலைமுறை விமானிகள் கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருந்திருக்கும்?

ராணுவ விமானிகள் நிலைமை கொஞ்சம் வேறு. அவர்களிடம் ராடார் பதிவு இருக்கும், அகச்சிவப்புக் காமிரா இருக்கும், கூடவே இரண்டாவது ஆள் இருப்பார். அப்படியும் 2004 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாவுக்குத் தெற்கே கடலுக்கு மேல் கடற்படை விமானிகள் டேவிட் ஃப்ரேவரும் அலெக்ஸ் டீட்ரிக்கும் வெள்ளை மிட்டாய் மாதிரியான ஒரு பொருளைப் பார்த்துவிட்டு நிமிட்ஸ் விமானம் தாங்கிக் கப்பலுக்குத் திரும்பியபோது நடந்தது, கப்பலின் டிவியில் வேற்றுக்கிரகவாசிப் படங்களை ஓட்டிக் கலாய்த்ததுதான். ஃப்ரேவர் ஒரு படைப்பிரிவுக்கே தலைவர். விஷயம் பொதுவெளிக்கு முழுமையாக வந்தது 2017 டிசம்பரில், 13 வருடம் கழித்து. ரயன் கிரேவ்ஸ் என்ற இன்னொரு கடற்படை விமானி 2023 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னது எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் பயிற்சியில் இருந்த இரண்டு விமானங்களுக்கு நடுவே, கண்ணாடிக் கோளத்துக்குள் கறுப்புக் கனசதுரம் வைத்தது போன்ற ஒன்று புகுந்து போனதாம். பயிற்சியை நிறுத்திவிட்டு இறங்கிப் பாதுகாப்பு அறிக்கை எழுதினார்கள். அதிகாரபூர்வமாக எந்தப் பதிலும் வரவில்லை. மேற்கொண்டு சொல்ல இடமும் இல்லை. என் டெக் லாக் நினைவுக்கு வந்தது. வெளிச்சம் நிஜமோ பொய்யோ, எழுதியவருக்கு நேரே யாரும் கையெழுத்துப் போடவில்லை.

2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமை வெளியிட்ட அறிக்கையில் 144 சம்பவங்கள். உறுதியாக விளக்க முடிந்தது ஒன்றே ஒன்று: காற்று இறங்கிக்கொண்டிருந்த பெரிய பலூன். அதைப் பார்த்து எல்லாரும் "143 மர்மங்கள்!" என்று கத்தினார்கள். அதே அறிக்கையில் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன, யாரும் கவனிக்கவில்லை. பதினொரு சம்பவங்களில் மோதலுக்கு மிக அருகில் வந்ததாக விமானிகள் எழுதியிருந்தார்கள். அப்புறம், கேலிக்குப் பயந்து பலர் சொல்லாமல் இருப்பதால் தகவலே சரியாகச் சேரவில்லை என்று அந்தத் துறையே எழுதியிருந்தது.

இந்த இடத்தில் விமானிகளுக்கு எதிராகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "விமானி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்பது உண்மை இல்லை. பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூபுக் ஆய்வுக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், கோப்புகளையெல்லாம் பார்த்துவிட்டு, விமானிகள் எதிர்பார்த்ததைவிட மோசமான சாட்சிகள் என்று எழுதினார். இத்தனைக்கும் அவர் இந்த மர்மத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்பியவர். காரணம் யோசித்தால் புரியும். விமானியின் கண் எதிரில் வரும் ஆபத்தைத் தேடப் பழகியது. இருட்டில் தனியாக நிற்கும் ஒரு வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் அது நகர்வது போலவே தெரியும், நீங்கள் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு சோதிக்கலாம். ஒரு வெளிச்சத்தின் அளவோ தூரமோ தெரியாதபோது, அது மோதினால் என்ன செய்வது என்றுதான் விமானியின் மூளை முதலில் யோசிக்கும். அப்படி யோசிப்பதற்குத்தான் சம்பளம்.

2011 ஜனவரியில் டொரொண்டோவிலிருந்து சூரிச் போன ஏர் கனடா விமானத்தில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அட்லாண்டிக் மேலே நடு இரவு. துணை விமானி, விதிப்படி அனுமதித்த குட்டித் தூக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டு எழுகிறார். எதிர்த் திசையில் ஒரு ராணுவ விமானம் ஆயிரம் அடி கீழே வருகிறது என்று கேப்டன் சொல்கிறார். எழுந்தவர் கண்ணில் முதலில் பட்டது வெள்ளிக் கிரகம். அதை விமானம் என்று நினைத்தார். இல்லை, அது கீழே இருக்கிறது என்று கேப்டன் காட்டியதும், அந்த நிஜ விமானம் நேராக மேலே மோத வருவது போல அவருக்குத் தெரிய, மூக்கைக் கீழே அழுத்திவிட்டார். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். 16 பேருக்குக் காயம். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்ததால்தான் இத்தனை நுணுக்கமாக நமக்குத் தெரிகிறது. ஆள் காயப்படாமல் இருந்திருந்தால், இந்தக் கதை அந்தக் காக்பிட்டைத் தாண்டியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

நம் ஊர்க்காரர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 2012 ஆகஸ்ட் முதல் அடுத்த பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவம் வானத்தில் மர்ம வெளிச்சங்களைத் தொடர்ந்து பதிவு செய்தது. சீன டிரோன்கள் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் பார்த்துச் சொன்னார்கள்: வெள்ளியும் வியாழனும். உயரமான இடம், தூய்மையான காற்று, ஆகவே வழக்கத்தைவிடப் பிரகாசம். இதில் சிரிக்க எதுவும் இல்லை. வீரர்கள் எழுதி வைத்தார்கள், படித்தவர்கள் பார்த்தார்கள், பதில் கிடைத்தது. பதிவு இருந்ததால்தான் கிடைத்தது. இன்னொரு பக்கம் 2023 நவம்பர் 19, இம்பால் விமான நிலையம். வானத்தில் அடையாளம் தெரியாத ஏதோ என்று தகவல் வந்ததும் சுமார் மூன்று மணி நேரம் எல்லாம் நின்றது, விமானங்கள் திருப்பி விடப்பட்டன, ரஃபேல் அனுப்பித் தேடினார்கள், ஒன்றும் சிக்கவில்லை. அந்தச் சூழ்நிலையில் அது சரியான முடிவுதான். ஆனால் வானொலியில் ஒரு வார்த்தை சொன்னால் இத்தனையும் நடக்கும் என்று தெரிந்த கேப்டன், அது பலூனாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வதும் நடக்கும்.

பலூன் என்றதும், விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி நாசா கூட்டத்தில் 2023-ல் சொன்னது. போர் விமானியாக இருந்த காலத்தில் வர்ஜீனியா கடற்கரைப் பக்கம், பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு பறக்கும் தட்டைக் கடந்து வந்தோம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கெல்லிக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி என்று வண்டியைத் திருப்பிப் போய்ப் பார்த்தால், கார்ட்டூன் பையன் பார்ட் சிம்ப்சன் உருவத்தில் ஒரு பலூன். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அவர் திரும்பிப் போய்ப் பார்த்தார் என்பது. பயணிகள் விமானத்தில் அது முடியாது. முன்னூறு பேரை வைத்துக்கொண்டு, எரிபொருள் கணக்கோடு, எது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று திருப்ப முடியுமா? ஆகவே அவர்கள் பார்த்தது பாதியிலேயே நின்றுவிடும்.

சரி, இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐம்பது வருடமாக இருக்கிறது.

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514-ஆம் எண் போயிங் 727 விமானம் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கும்போது மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன ஒரு வாசகத்தை அவர் ஒரு விதமாக நினைத்துச் சொன்னார், விமானி வேறு விதமாகப் புரிந்துகொண்டார். விசாரணையில் வெளிவந்தது: ஆறு வாரத்துக்கு முன்பு யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. டிடபிள்யூஏவுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

அதன் பிறகு எஃப்ஏஏ, தப்பு நடந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்றது. லைசன்ஸைப் பிடுங்கும் அதிகாரியிடமே போய் யார் சொல்வார்கள்? அதனால் 1976-ல் நடுவில் நாசாவைக் கொண்டுவந்தார்கள். நாசாவுக்கு லைசன்ஸைத் தொடும் அதிகாரம் இல்லை. விமானி எழுதி அனுப்பினால், அவர் பெயர் இருக்கும் துண்டைக் கிழித்து முத்திரை போட்டு அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாசாவிடம் பெயரே மிஞ்சாது. வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதியிருந்தால், பின்னால் பிடிபட்டாலும் தண்டனை இல்லை. இன்றைக்கு வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் அறிக்கை வருகிறது. தப்பு ஓடுபாதையில் இறங்கப் போனேன், தூங்கிவிட்டேன், எண்ணைத் தப்பாகக் கேட்டேன் என்று தங்கள் மானத்தை வாங்கும் விஷயங்களையெல்லாம் விமானிகள் தாங்களாகவே எழுதுகிறார்கள். ஆக, விமானிகள் பேச மாட்டார்கள் என்பது பொய். பேசினால் அடி விழாது என்று தெரிந்த இடத்தில் கொட்டித் தீர்க்கிறார்கள்.

2023 செப்டம்பரில் அடையாளம் தெரியாத காட்சிகள் பற்றி நாசா அமைத்த குழு, இந்த ஏற்பாட்டையே இதற்கும் பயன்படுத்தலாம் என்றது. நான் படித்ததில் அந்த அறிக்கையின் உருப்படியான வரி அதுதான். அதற்கு முன் பல வருடம் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களுக்கான கையேட்டில் இருந்தது என்ன தெரியுமா? இப்படிப் பார்த்ததாகச் சொல்கிறவர்களைத் தனியார் அமைப்பு ஒன்றின் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று கவலைப்பட்டால் உள்ளூர்ப் போலீஸிடம் சொல்லச் சொல்லுங்கள் என்று. முப்பத்தைந்தாயிரம் அடியில் போகிறவர் எந்த ஸ்டேஷனுக்குப் போவார்? 2024 ஜனவரியில், விமானிகள் எஃப்ஏஏவிடம் சொல்லவும், சொன்னவர்களைப் பழிவாங்காமல் தடுக்கவும் ஒரு மசோதாவை இரண்டு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். கிரேவ்ஸ் தொடங்கிய அமைப்பு அதற்குப் பின்னால் நின்றது.

பிரிட்டனில் இதைக் கொஞ்சம் நிதானமாகவே கையாண்டிருக்கிறார்கள். 1995 ஜனவரி 6 அன்று மான்செஸ்டரில் இறங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 737-ன் விமானிகள் வெளிச்சம் பொருந்திய ஏதோ ஒன்று பக்கத்தில் வேகமாகக் கடந்ததைப் பார்த்து, மோதலுக்கு அருகில் வந்ததாக முறைப்படி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் விசாரித்துவிட்டு, என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிய குழு, இப்படிப்பட்ட அறிக்கைகளைக் கேலி செய்கிறார்கள், ஆனாலும் இதைப் பார்த்து மற்ற விமானிகளும் பயமில்லாமல் எழுதுவார்கள் என்று நம்புகிறோம் என்று சேர்த்தது. தெரியவில்லை என்று ஒரு அரசுக் குழு கையெழுத்துப் போட்டது. எனக்கு அது பெரிய விஷயம். 2007 ஏப்ரலில் சேனல் தீவுகள் பக்கம் இரண்டு பெரிய மஞ்சள் ஒளிப் பொருள்களைப் பார்த்த ரே போயர் என்ற கேப்டனும் உடனே சொன்னார். அப்படிச் சொல்வது தன் கடமை என்றார். அவர் வேலை போகவில்லை.

கடைசியாக, "உங்களுக்குத் தெரிந்த யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஒருவர். ஐரோப்பாவிலிருந்து வந்த விமானத்தை ஒப்படைத்துவிட்டு, படியில் இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காஸ்பியன் கடல் தாண்டி வரும்போது வடக்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே வெளிச்சங்கள் ஒன்றன் பின் ஒன்றாக எரிந்து மங்கி, மறுபடி அதே இடத்தில் எரிந்தன, மாட்டுக்குத் தாம்பு கட்டிச் சுற்ற விட்டது மாதிரி, அரை மணி நேரம் என்றார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

பல மாதம் கழித்துப் படித்தேன். பசிபிக் மேலே பறந்த விமானிகள் 2022-ல் அப்படியே சொல்லியிருந்தார்கள், படமும் எடுத்திருந்தார்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனின் ஒளி அவற்றின் தட்டையான அடிப்பக்கத்தில் பட்டுத் தெறிக்கும் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து போகும்போது, ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருவது போலத் தெரியும். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நல்ல வேளை, எழுதாமல் விட்டேன்" என்றார்.